அம்மாவும் அப்பாவும் மூன்று மாதம் ஜெர்மனிக்கு வருகிறார்கள்: என்னென்ன சொல்லி வைப்பது?

நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

அனைவருக்கும் வணக்கம். மே முதல் வாரம் அம்மாவும் அப்பாவும் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். விசா வந்துவிட்டது, 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் எடுத்தாகிவிட்டது. காகித வேலையில் எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் வீட்டுக்குள்தான்.

எங்களுடையது நான்கு மாடிக் கட்டடம். கீழ்வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். கட்டடத்தின் எழுதிய சட்டம், எழுதாத சட்டம் இரண்டுக்கும் அவரே காவல். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குத் தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைப் போடுகிறவர். அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். பேருந்து நிலைய இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை.

நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை இருவரும் தனியாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டலாம் என்று தொடங்கினேன். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்தம் கூடாது, குப்பைக்கு நான்கு தொட்டி, மாடிப்படியில் செருப்பை விடக்கூடாது என்று எழுதிக்கொண்டே போனதில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "இது விருந்தாளிக்கா, கைதிக்கா?" என்கிறார்.

பெற்றோரை வரவழைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்? எதை விட்டுவிடலாம்?

பவேரியப் பரதேசி (மியூனிக்)

பட்டியலைக் கிழிக்காதீர்கள் அம்மா. நான் இன்னும் நீளமாகவே எழுதி, ஊருக்கே முன்கூட்டி அனுப்பினேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை. இதை எத்தனை முறை சொன்னாலும் நம் ஊர்க்காரர்கள் நம்புவதில்லை. "தெருமுனையில் ஒரு கடை கூடவா திறந்திருக்காது?" என்று என் அப்பா கொத்தமல்லிக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடை, அவ்வளவுதான். கொத்தமல்லிக்கு அங்கே வேலையில்லை. பவேரியாவில் வாரநாட்களிலும் இரவு எட்டு மணிக்கே பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கிவிடும். கடைக்காரர்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு உட்கார வைத்து விளக்கினேன். 1919இல் வைமார் அரசியலமைப்பில் எழுதிய ஞாயிறு ஓய்வு, 1949இன் அடிப்படைச் சட்டத்தில் 140ஆம் பிரிவின் வழியாக இன்றும் உயிரோடு இருக்கிறது. அப்பா நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்தவர். பிரிவு எண்ணைக் கேட்டதும் அடங்கிவிட்டார். அதன் பிறகு என் அம்மா ஞாயிறன்று எதையாவது கேட்டால், "அரசியலமைப்புக்கு விரோதம்" என்று அவரே பதில் சொன்னார்.

அடுத்தது காலிப் புட்டி. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் புட்டிக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம். பீர் புட்டிக்கு 8 சென்ட். இதை மட்டும் அளவோடு சொல்லுங்கள். நான் உற்சாகமாக விளக்கப்போய், அடுத்த நாளே அப்பா பூங்காவில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த புட்டிகளைப் பையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கையில் காசு இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் விட்டுப்போவது அது. காரணத்தைச் சொன்னதும் எல்லாவற்றையும் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தார். கூடவே எங்கள் வீட்டுப் புட்டிகளையும் வைத்துவிட்டார். தினமும்.

சுண்டல் (பிராங்க்பர்ட்)

பரதேசி அண்ணா, சோடாத் தண்ணீருக்குத் திரும்ப நிரப்பும் புட்டி வாங்கினால் 15 சென்ட். அதை விட்டுவிட்டீர்கள்.

நெக்கார்க்கரை அக்கா, வீட்டுச் சட்டத்துக்கு முன்னால் பெட்டிச் சட்டத்தைப் பாருங்கள். மே மாதம் என்றால் மாம்பழக் காலம். அப்பா கட்டாயம் ஒரு டஜன் கட்டிக்கொண்டு வருவார். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பழம், காய், பச்சை இலை எதைக் கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்கு மட்டும்தான்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, தூரியன். ஆகவே வெற்றிலை பாக்குத் தாம்பூலத்தில் தேங்காயும் வாழைப்பழமும் உள்ளே வரலாம், வெற்றிலை வாசலிலேயே நிற்க வேண்டும். கறிவேப்பிலைக் கொத்துக்கும் அதே கதி. காயவைத்துப் பொடி செய்து கொண்டுவரச் சொல்லுங்கள்.

பால் பொருளும் இறைச்சியும் கூடவே கூடாது. நெய் டப்பா, திரட்டுப்பால் எல்லாம் சுங்க மேசையோடு சரி. என் அத்தை நெய்யை விட்டுப் பிரிந்த காட்சியை வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மீனுக்குத் தாராளம். ஒருவருக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம், காய்ந்ததும் அதில் சேர்த்தி.

இரவுக்கழுகு (ஆகன்)

இருபது கிலோ கருவாடா? அந்தச் சட்டத்தை எழுதியவர் தூத்துக்குடியில் பெண் எடுத்திருக்க வேண்டும்.

நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

சுண்டல் தம்பி, மிக்க நன்றி. நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அப்பா ஏற்கெனவே பழக்கடையில் சொல்லி வைத்திருந்தாராம். "உங்கள் நாட்டில் தூரியனுக்கு இருக்கிற மரியாதை மாம்பழத்துக்கு இல்லையா?" என்று கேட்டார். "உங்கள் நாடு" என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்காததுபோல் இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் சைவம். ஆகவே இருபது கிலோ சலுகையை இழை உறுப்பினர்களுக்கே வழங்குகிறேன்.

அரைத்தமாவு (பெர்லின்)

பட்டியலில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. 16 மாநிலங்களிலும் வீடுகளுக்கு அது கட்டாயம். படுக்கையறையிலும் நடையிலும் மாட்டியிருப்பார்கள். சமையலறையில் மாட்டவில்லையே என்று நிம்மதி அடையக்கூடாது. மோர்மிளகாய் வறுக்கும்போது கதவைத் திறந்து வைத்தால் போதும், நடையில் இருப்பது கத்த ஆரம்பித்துவிடும். என் மாமியார் முதல் நாள் அதைக் கோயில் மணி என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு சாம்பிராணி பால்கனியில்தான்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. மிக்சியைக்கூட விளக்கிவிடலாம். குக்கர் விசிலை விளக்க முடியாது. எதிர்வீட்டு இளைஞன் ஒருநாள் கதவைத் தட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். மூன்று முறை கூப்பிட்டீர்களே என்றான்.

இன்னொன்று, யாரும் எனக்குச் சொல்லாதது. கோடையில் பொழுது சாயாது. ஜூனில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறது. பொழுது சாயும் நேரத்தில்தான் விளக்கேற்ற வேண்டும், விளக்கேற்றிய பிறகுதான் சாப்பாடு என்பது மாமியாரின் கணக்கு. முதல் வாரம் முழுவதும் இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டோம். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, எனக்கு அலுவலகம் இருக்கிறது, சூரியனுக்குத்தான் வேலை இல்லை. கடைசியில் மாமியாரே வழி கண்டுபிடித்தார். ஸ்ரீரங்கத்தில் மணி ஆறரை ஆகும்போது நாத்தனார் காணொளியில் வருவார். இருவரும் ஒரே நேரத்தில் விளக்கேற்றுவார்கள். எங்கள் கடிகாரத்தில் அப்போது பிற்பகல் மூன்று. வீட்டில் இருந்து வேலை பார்க்கும் நாட்களில், கூட்டத்தின் நடுவே எனக்குப் பின்னால் ஒருவர் பட்டப்பகலில் விளக்கோடு நடந்து போவதைப் பற்றி என் மேலாளர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஜெர்மானியர்களின் நாகரிகத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பனங்காய் (டோர்ட்மண்ட்)

பிள்ளை, நான் எண்பதுகளில் இங்கு வந்தவன். எங்களுக்குப் பட்டியல் ஒட்டி வைக்க ஆள் இருக்கவில்லை. ஊரிலிருந்து வந்து மூன்று மாதத்தில் திரும்புகிறவர்களை நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் தெரியாமல் ஒருவரும் கெட்டுப்போகவில்லை. பகல் பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் கதைக்க ஆளில்லாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் அவர்களை வாட்டுவது. உங்கள் அம்மாவுக்கு நான்கு தொட்டியும் ஒரே கிழமையில் விளங்கிவிடும். அந்த ஐந்து மணித்தியாலத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று யோசியுங்கள்.

ஒருமுறை ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கூட்டி வாருங்கள். 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். சுற்றிவரத் தொழிற்சாலைகள், நடுவில் கோபுரம் நிற்கும். கோடைத் தொடக்கத்தில் திருவிழா. தேர் இழுக்கும் நாளில் ஆயிரக்கணக்கில் சனம் வரும். பக்கத்தில் ஓடும் கால்வாயில்தான் தீர்த்தம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது அலைச்சல். இரவு எங்கள் பக்கம் யாருடைய வீட்டிலாவது தங்குங்கள், இடம் இருக்கிறது. மரக்கறிச் சாப்பாடுதான், பயப்படத் தேவையில்லை.

கறிவேப்பிலைக்கும் கவலை வேண்டாம். எங்கள் ஆட்களின் கடை எந்த நகரத்திலும் ஒன்று இருக்கும். முருங்கைக்காய், வாழைப்பூ, வெற்றிலை எல்லாம் கிடைக்கும். விலையை மட்டும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

பவேரியப் பரதேசி (மியூனிக்)

பனங்காய் அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சட்டம் தெரியாமல் யாரும் கெட்டுப்போவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணாடிப் புட்டித் தொட்டியில் ஞாயிறன்று புட்டி போட்டுவிட்டு, எதிர்ச் சன்னலிலிருந்து ஒரு கனவானிடம் நான் வாங்கிய ஏச்சு எனக்குத்தான் தெரியும். அதுவும் நீல நிறப் புட்டி. நீலத்தைப் பச்சைத் தொட்டியில்தான் போட வேண்டும்.

பனங்காய் (டோர்ட்மண்ட்)

தம்பி, ஏச்சு வாங்கினால் பேச ஒரு ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டுறுத்துநர்

சாம்பார் வாசனை மாடிப்படியில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது பற்றிய பதிவுகள் தனி இழைக்கு நகர்த்தப்பட்டுள்ளன. பெருங்காயத்தின் தரம் குறித்த தனிப்பட்ட தாக்குதல்கள் நீக்கப்பட்டன.

நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

பனங்காய் ஐயா, நீங்கள் சொன்னது உறைத்தது. பட்டியலை எட்டு வரியாகக் குறைத்துவிட்டேன். கணவர் ஆறு வரி என்கிறார், பேச்சுவார்த்தை நடக்கிறது. அப்பாவுக்குப் பகலில் வெளியே சுற்ற ஏதாவது பயணச்சீட்டு உண்டா? அவருக்கு வண்டி என்றால் உயிர்.

சுண்டல் (பிராங்க்பர்ட்)

ஜெர்மனி டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. நகரப் பேருந்து, டிராம், புறநகர் ரயில், வட்டார ரயில் எல்லாம் நாடு முழுக்கச் செல்லும். தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் ஏறக்கூடாது. இது மாதச் சந்தா. ஊருக்குத் திரும்பும் மாதத்தில் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். அத்தை விமானம் ஏறிய பிறகும் அவர் பெயரில் ஒரு மாதம் சும்மா ஓடிய சீட்டு எங்கள் குடும்பத்தில் உண்டு.

இரவுக்கழுகு (ஆகன்)

சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அபராதம் 5 யூரோதான். ஆனால் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் அதன் தாய் பார்க்கும் பார்வைக்கு விலை கிடையாது.

அரைத்தமாவு (பெர்லின்)

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நெக்கார்க்கரை, என்ன ஆயிற்று? பாட்டி உயிரோடு இருக்கிறாரா?

நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

மன்னிக்கவும், எழுத நேரமே இல்லை. வீட்டில் எல்லோரையும்விட வேலை அதிகமாக இருப்பது அம்மா அப்பாவுக்குத்தான். வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் கெர்வோகெ என்று ஒரு வழக்கம் இருப்பது இங்குள்ள தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு வாரம் முறை வைத்து மாடிப்படி, நடை, வாசல் எல்லாவற்றையும் கூட்டித் துடைக்க வேண்டும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும். 15ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிற பழக்கம் என்கிறார்கள். என் பட்டியலிலேயே நான் மிகவும் பயந்த வரி இதுதான். ஊரிலிருந்து வந்தவரை மாடிப்படி துடைக்க வைத்தேன் என்று சித்தி வீட்டில் பேசுவார்களே என்று.

அம்மா பலகையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாகத் தமக்குப் புரிகிற ஒரு காரியம். மறுநாள் விடியற்காலை (ஆறு மணிக்கு மேல்தான், அந்த வரி மனப்பாடம்) வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, அரிசிமாவில் நான்கு புள்ளிக் கோலம் போட்டுவிட்டார். ஏழு நாளும். எங்கள் வாரம் முடிந்து பலகை கீழ்வீட்டுக்குப் போனது. அம்மா நிறுத்தவில்லை. வாசல் தெளிக்க வாரம் என்ன, மாதம் என்ன?

வியாழக்கிழமை மாலை பாட்டி மணி அடித்தார். கோலத்தைப் பற்றித்தான் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. கோலத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இது என் வாரம். என் வாரத்தில் உன் அம்மா ஏன் கூட்டுகிறார்? நான் கூட்டுவது சுத்தமாக இல்லை என்று நினைக்கிறாரா?" என்றார். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "ஆமாம், மூலையெல்லாம் அப்படியே இருக்கிறது" என்றார். அதை நான் அப்படியே பாட்டியிடம் சொல்லவில்லை.

இந்த வழக்கை அப்பா கையில் எடுத்துக்கொண்டார். டிப்போவில் ஓட்டுநர், நடத்துநர் முறை போட்டவர் அல்லவா? அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தார். வாசல் அம்மாவுக்கு, தினமும். மாடிப்படி அந்தந்த வாரத்துக்காரருக்கு. இரண்டாம் மாடி மூலை மட்டும் "சிறப்புப் பணி". நான் ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன். பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்து, ஒரு தேதியைத் திருத்திக் கையெழுத்திட்டார். அது இப்போது கட்டட வாசலில் ஒட்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இந்தக் கட்டடத்தில் நான் யாரிடமும் வாங்காத மரியாதை அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது.

அப்பா காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். எங்கள் ஊர் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து மலையேறும் பல்சக்கர ரயில் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1884 முதல் ஓடுகிறது. முன்னால் சைக்கிள்களுக்குத் தனிப்பெட்டி. ஆனால் மற்ற ரயில்கள் மேல் அவருக்குக் கடுங்கோபம். நிலையத்தில் நின்று வண்டி எண், வரவேண்டிய நேரம், வந்த நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுகிறார். ஆறு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் இங்கே தாமதக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று மருமகன் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "ஆறு நிமிடத்தில் நான் கும்பகோணத்திலிருந்து மூன்று வண்டி அனுப்பியிருப்பேன்" என்றார்.

பவேரியப் பரதேசி (மியூனிக்)

அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்த நாட்டுக்குத் தேவைப்படும்.

அரைத்தமாவு (பெர்லின்)

சமையலறைப் பக்கம் அமைதியா?

நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்)

அதை மறந்துவிட்டேன். தண்ணீர்விட்டான் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த வெள்ளைக் குருத்து, இங்கே ஷ்பார்கெல் என்று கொண்டாடுவார்களே, அதைச் சந்தையில் பார்த்து முருங்கைக்காய் வெளுத்துவிட்டது என்று எண்ணிச் சாம்பாரில் போட்டார் அம்மா. சாம்பார் நன்றாகவே இருந்தது. மென்று துப்ப ஒன்றும் இல்லையே என்று அப்பாவுக்குத்தான் குறை. ஜூன் 24உடன் அதன் பருவம் முடிகிறது. அதனால் சீக்கிரம் இன்னொரு கட்டு வாங்கச் சொல்லியிருக்கிறார். நூல்கோல் கிடைப்பதில் இருவருக்கும் பரம திருப்தி.

அட்டவணை ஒப்பந்தத்துக்குப் பிறகு பாட்டி அம்மாவைத் தம் வீட்டுக்கு அழைத்தார். ஷ்பெட்ஸ்லெ செய்து காட்டினார். ஈர மாவை ஓர் அச்சில் போட்டுக் கொதிக்கும் நீரில் பிழிவது. அம்மாவுக்கு ஒரு சொல் ஜெர்மன் தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அச்சைப் பார்த்ததும் அம்மா அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டாராம். மேலே வந்து அரிசிமாவும் உளுத்தமாவும் பிசைந்து அதே அச்சில் தேன்குழல் பிழிந்தார். கண் கொஞ்சம் பெரிது, அதனால் முறுக்கு தடிமன். பதினைந்து நிமிடம் கழித்துப் புகைக் கருவி கத்தியது. ஓடி வந்தது பாட்டிதான், கையில் துண்டோடு. துண்டால் விசிறிச் சத்தத்தை நிறுத்தினார், சன்னலைத் திறந்தார், உட்கார்ந்தார், ஆறு தேன்குழல் சாப்பிட்டார். அச்சு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவும் இல்லை, அம்மா கொடுக்கவும் இல்லை.

பனங்காய் ஐயா, தேருக்கு வருகிறோம். நான்கு பேர். அம்மா உங்களுக்கு ஒரு டப்பா தேன்குழல் வைத்திருக்கிறார். பட்டியல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதன் பின்பக்கத்தில்தான் அப்பா அட்டவணைக்குக் கரடு வரைவு போட்டார். இப்போது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

பனங்காய் (டோர்ட்மண்ட்)

வாருங்கள் பிள்ளை. அப்பாவிடம் சொல்லுங்கள், டோர்ட்மண்டிலிருந்து ஹாமுக்கு ரயிலில்தான் போகப்போகிறோம். நோட்டையும் கொண்டுவரட்டும்.

புதுவரவு_2 (ஹாம்பர்க்)

அருமையான இழை. முழுவதும் படித்தேன். எங்கள் மாமியார் மதுரையிலிருந்து நவம்பரில் வருகிறார். குளிர் தாங்க மாட்டார், தினமும் வாசலில் உட்கார்ந்து பேசுவார், இட்லிக்கு மாவு புளிக்காவிட்டால் அன்று முழுவதும் பேசமாட்டார். என்னென்ன சொல்லி வைப்பது?

மட்டுறுத்துநர்

நவம்பருக்குத் தனி இழை தொடங்கவும். இதில் இடம் போதாது.